ஃப்யூஸ் போகிறதா? பெரிய ஃப்யூஸ் போடாதீர்கள்!

புதிதாக லேப்டாப் வாங்கியவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "காரில் போகும்போது சார்ஜ் செய்யலாமா?" தாராளமாகச் செய்யலாம். ஆனால் இன்வெர்ட்டரை லைட்டர் சாக்கெட்டில் செருகிய சில நாளில் ஃப்யூஸ் போகிறது, மாற்றினால் மறுபடியும் போகிறது என்றால்? எங்கள் வீட்டுக் காரில் ஒரே மாதத்தில் மூன்று ஃப்யூஸ் போயிற்று. "எல்லாம் உன் லேப்டாப் செய்கிற வேலை" என்று அப்பா தீர்ப்பே சொல்லிவிட்டார்.

முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். காரில் இருப்பது 12 வோல்ட். எங்கள் சாக்கெட்டுக்கு 15 ஆம்பியர் ஃப்யூஸ். இரண்டையும் பெருக்கினால் 180 வாட். என் லேப்டாப் அடாப்டர் 65 வாட்தான். அடாப்டரிலும் இன்வெர்ட்டரிலும் வீணாவதைச் சேர்த்தாலும் சுமார் 7 ஆம்பியர் வரும். ஆகவே லேப்டாப் குற்றவாளி அல்ல. (அதே சாக்கெட்டில் டயருக்குக் காற்றடிக்கும் பம்ப்பையும் சேர்த்து மாட்டினால் கதை வேறு.)

அப்பா காரை மெக்கானிக்கிடம் கொண்டு போனார். அவர் நீல நிற ஃப்யூஸைக் கழற்றிவிட்டு, பச்சை நிற ஃப்யூஸைப் போட்டு, "இனிமே போகாது சார்" என்றார். பிளேடு ஃப்யூஸ்களில் நிறம்தான் அளவு. சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30 ஆம்பியர். அவர் சொன்னபடியே ஃப்யூஸ் போகவில்லை. இரண்டு நாள் கழித்து, அம்மா பின் சீட்டில் இருக்கும்போது, டேஷ்போர்டுக்குள்ளிருந்து பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது!

ஃப்யூஸ் இருப்பது ஒயரைக் காப்பாற்றத்தான். 15 ஆம்பியருக்கான ஒயரில் 30 ஆம்பியர் ஃப்யூஸைப் போட்டால், ஃப்யூஸ் உருகுவதற்கு முன்னால் ஒயர் சூடேறி உருகும். புரோகிராமில் பிழைச் செய்தி வருகிறது என்பதற்காக அந்தச் செய்தியை மட்டும் வராமல் செய்துவிடுவதைப் போன்றது இது. வண்டியை ஓரம் கட்டி, முதல் வேலையாகப் பச்சை ஃப்யூஸைப் பிடுங்கினேன்.

ஃப்யூஸ் எப்போது போகிறது என்று கவனியுங்கள். போட்டவுடனே போனால் ஷார்ட் சர்க்யூட். பத்து நிமிடம் ஓடிவிட்டுப் போனால் பெரும்பாலும் அதிக லோடு. எங்கள் காரில் மேடு பள்ளத்தில் போகும்போது மட்டும் போயிற்று. எங்கோ ஓர் ஒயர் உரசுகிறது என்று அர்த்தம். காரின் இரும்பு உடம்பு முழுவதும் பேட்டரியின் நெகட்டிவ் முனையோடு இணைந்திருக்கிறது. பாஸிட்டிவ் ஒயரின் தோல் உரிந்து உடம்பில் பட்டாலே ஷார்ட்தான்.

இதைத் தேட ஃப்யூஸ்களை எரித்துத் தள்ள வேண்டாம். பிரேக் லைட்டுக்குப் போடும் 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்று போதும். சாக்கெட்டில் எதுவும் செருகாமல், ஸ்டீரியோவை அணைத்துவிட்டு, ஃப்யூஸ் இருந்த இடத்தின் இரு முனைகளுக்கும் நடுவே அந்தப் பல்பை ஒயர் கொண்டு இணையுங்கள். சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்புங்கள். ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். இரண்டு ஆம்பியருக்கு மேல் பல்பு விடாது என்பதால் ஒயருக்கு ஆபத்தில்லை. பல்பு நன்றாகச் சுடும், பிளாஸ்டிக் மீது வைக்காதீர்கள்.

எங்கள் பல்பு முதலில் எரியவில்லை. டேஷ்போர்டின் கீழே கைவிட்டு ஒயர்களை மெல்ல அசைத்தேன். பளிச்! ஸ்டீரியோவுக்குப் போகும் கிளையைப் பிரித்துவிட்டு மறுபடி அசைத்தேன். எரியவில்லை. பிழை எந்தப் பாதியில் என்று தெரிந்துவிட்டது. (மஞ்சள் உறை போட்ட ஒயர்கள் ஏர்பேகுக்கு உரியவை. அவற்றைத் தொடவே கூடாது.)

ஸ்டீரியோவைக் கழற்றினேன். அதை மாட்டியவர்கள் சாக்கெட் ஒயரிலிருந்தே ஒரு கிளை எடுத்து, கூரான தகட்டு விளிம்பின் மேலாகக் கொண்டுபோயிருந்தார்கள். அந்த இடத்தில் தோல் உரிந்து செம்பு தெரிந்தது. பச்சை ஃப்யூஸின் தயவால் பக்கத்தில் நான்கு அங்குலத்துக்குத் தோல் உருகியும் இருந்தது. அந்தப் பகுதியை வெட்டி அதே தடிமனில் புது ஒயர் சேர்த்து, தகட்டில் படாத வழியில் கொண்டுபோய்க் கட்டினேன். பிறகு பழையபடி நீல ஃப்யூஸ்.

அதன் பிறகு ஒரு ஃப்யூஸ்கூடப் போகவில்லை. இப்போது அந்தச் சாக்கெட்டில் பெரும்பாலும் அப்பாவின் செல்போன்தான் தொங்குகிறது.