புகைக்குழாயிலுள்ள தேன்கூடு



என் பழைய மாணவர் ஒருவர் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் வாழ்கிறார். தம் மோட்டார் வண்டியின் எஞ்சினுக்குப் பெரிய டர்போ ஒன்றைப் பூட்டி வலுவைக் கூட்டியிருக்கிறார். சில மாதங்களுக்கு முன் தொலைபேசியில் அழைத்து, “சேர், புகைக்குழாயிலுள்ள ஊக்கிப் பெட்டி புகையைத் தடுக்கிறதாம். கழற்றிவிட்டு வெறுங்குழாய் வைக்கலாமா? அல்லது ‘ஹை ஃப்ளோ’ என்று விற்கிறார்களே, அதை வாங்கலாமா?” எனக் கேட்டார். வரலாறு கற்பித்த என்னிடம் இதைக் கேட்பானேன் என்று முதலில் எண்ணினேன். நூல்களைப் புரட்டியபோதோ, இதிலும் வரலாறு உண்டெனக் கண்டேன்.

லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின்மேல் ஒரு காலத்தில் கண்ணை எரிக்கும் புகைமூட்டம் கவிந்து கிடந்தது. வண்டிப் புகையிலுள்ள ஐதரோகாபன்களும் நைதரசன் ஒட்சைட்டுகளும் வெயிலிற் கூடியே அதனை உண்டாக்குகின்றன என்பதை, ஹாகன்-ஸ்மிற் என்னும் இரசாயன அறிஞர் 1950களின் தொடக்கத்தில் எடுத்துக்காட்டினார். பிரான்சிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய யூஜின் ஹூட்ரி, அப்புகையைத் தூய்மை செய்யும் பெட்டிக்கு 1956 இல் காப்புரிமை பெற்றார். ஆனால் அக்காலப் பெற்றோலிலே ஈயம் இருந்தது. ஈயம் ஊக்கியைச் செயலறச் செய்துவிடும். ஆதலின் 1970 ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத்துக்குப் பின்னர், 1975 ஆம் ஆண்டுக்குரிய வண்டிகளிலேதான் அப்பெட்டி பரவலாக இடம்பெற்றது. நம் நாட்டில் ஈயப் பெற்றோல் நின்றது 2002 இல்.

பெட்டியின் உள்ளே இருப்பது யாது? தேன்கூடு போன்ற ஒரு கட்டி. வழக்கமான பீங்கான் கட்டியின் முகப்பிலே, ஒரு சதுர அங்குலத்தில் 400 கண்ணறைகள் வரை காணலாம். அவற்றின் சுவர்களில் பிளாற்றினம், பலேடியம், உரோடியம் என்னும் அரிய உலோகங்கள் நுண்ணிதாகப் படிந்துள்ளன. இவையே ஊக்கிகள். கலியாணத் தரகரைப் போல, சேர வேண்டியவர்களைச் சேர்த்துவிட்டுத் தாம் மாறாது விலகி நிற்பவை. இவற்றின் உதவியால் காபனோரொட்சைட்டு காபனீரொட்சைட்டாகிறது. எரியாத எரிபொருள் அதனோடு நீராவியாகவும் மாறுகிறது. நைதரசன் ஒட்சைட்டு வெறும் நைதரசனாகிறது. எனினும் கட்டி ஏறக்குறைய 250 பாகை செல்சியசைக் கடந்து சூடேறும் வரை இவ்வேலை செவ்வனே நிகழாது.

‘ஹை ஃப்ளோ’ எனப்படுவது பெரும்பாலும் மெல்லிய உலோகத் தகட்டாற் செய்த கட்டி. ஒரு சதுர அங்குலத்தில் 200 அறைகளோ 100 அறைகளோ இருக்கும். பீங்கான் கட்டியின் முகப்பில் ஏறக்குறைய முக்காற் பங்கே திறந்த வழி. தகட்டுக் கட்டியில் பத்தில் ஒன்பது பங்கு திறந்திருக்கும். புகை எளிதாகப் போகும் என்பது உண்மைதான். ஆனால் அறைகள் குறையக் குறைய, புகை தொட்டுச் செல்லும் சுவர்ப் பரப்பும் குறைகிறது. ஆகவே மாணவருக்கு நான் சொன்னது இது: “தம்பி, அறைகளைக் குறைப்பதிலும் முகப்பை அகலப்படுத்துவதே மேல்.” முகப்பு இருமடங்கு அகன்றால், அதே புகை அரைப் பங்கு வேகத்திற் செல்லும், தடையும் தணியும், தொடும் பரப்போ கூடும். 100 அறையுள்ள சிறிய பெட்டியை மலிவாக வாங்குபவர், கொஞ்சம் அலங்காரம் செய்த வெறுங்குழாயையே வாங்குகிறார் என்பது என் கருத்து.

இன்னொன்று. வலுக்கூட்டிய எஞ்சினுக்குப் பெற்றோலை மிகையாக ஊட்டுவதுண்டு. ஒரு பங்கு பெற்றோலுக்கு நிறையளவில் 14.7 பங்கு காற்று என்பதே ஊக்கி விரும்பும் கலவை. பற்றாமல் தப்பிவரும் பெற்றோல் பெட்டிக்குள் எரிந்தால், எத்தகைய கட்டியும் உருகிப்போம். எஞ்சினை முதலிற் சீராக்காமல் பெட்டியை மாற்றுவது வீண் செலவு.

சட்டத்தையும் மறத்தல் ஆகாது. கலிபோர்னியாவில் விற்கப்படும் மாற்றுப் பெட்டிக்கு மாநிலக் காற்றுவள வாரியத்தின் அனுமதி எண் வேண்டும். அவ்வெண் பெட்டியின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அந்தந்த வண்டி இனத்துக்கென்றே அது வழங்கப்படும். வண்டியோடு வந்த பெட்டி நல்ல நிலையில் இருக்கும்போது அதனைக் கழற்றவும் இடமில்லை. 1996 முதலான வண்டிகளிலோ பெட்டிக்குப் பின்னும் ஓர் ஒட்சிசன் உணரி உண்டு. ஊக்கி தளர்ந்தால் முகப்புப் பலகையில் விளக்கெரிந்து காட்டிக்கொடுக்கும்.

வெறுங்குழாய் பற்றிக் கேட்டீர்களாயின், காபனோரொட்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிட்டு மாண்டோர் பலர். பெட்டி இருந்தாலும் அவ்வாறு செய்தல் ஆகாது. இல்லாவிடில் ஆபத்து பன்மடங்கு. அவருடைய கொட்டகையின் மேல்மாடியிலேதான் பிள்ளைகள் உறங்குகிறார்கள் என்பதும் பேச்சிடையே தெரியவந்தது. அதன்பின் வெறுங்குழாயைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

எதையும் வாங்குமுன், பெட்டிக்கு முன்னும் பின்னும் புகையின் அமுக்கத்தை அளந்து பார்க்கும்படி சொல்லிவைத்தேன். இரு வாரங்களின் பின் அழைத்தார். பெட்டியிலே தடை சொற்பமாம். அதற்குப் பின்னாலுள்ள பழைய சைலன்சரே உட்புறம் துருப்பிடித்து அடைத்துக் கிடந்ததாம். அதனை மட்டும் மாற்றியிருக்கிறார்.