பணிஸுக்குள் ஏறிய மாசி

கனடாவின் வன்கூவர் நகரில் 2005ஆம் ஆண்டு ஜப்பானியத் தம்பதியினர் 'ஜப்பாடோக்' என்னும் வீதியோரக் கடையை ஆரம்பித்தனர். அவர்கள் விற்க எண்ணியதோ வேறு சிற்றுண்டி. அன்றைய நகர விதிகள் வீதியில் ஹொட் டோக் போன்ற சிலவற்றையே அனுமதித்தமையால் அதனையே கைக்கொண்டனர். பணிஸும் சொசேஜும் அப்படியே இருக்க, அவற்றின் மேல் டெரியாக்கி சோஸ், நோரிக் கடற்பாசி, கட்சுவோபுஷிச் சீவல் எனத் தாய்நாட்டுச் சுவைகள் ஏறின.

இவற்றுள் கட்சுவோபுஷி நமக்கு அந்நியமானதன்று. சூரை மீனை அவித்து, புகையூட்டி, உலர்த்திப் பெறுவதே அது. மாலைதீவுக்குப் பெயர்போன மாசியும் அதே மீன். முறையும் ஏறத்தாழ அதுவே. ஜப்பானியர் கடதாசிபோல் சீவுகின்றனர். நாம் இடித்துச் சம்பலில் சேர்க்கின்றோம்.

கலப்புணவும் நமக்குப் புதிதன்று. சாவகச்சேரித் தேநீர்க்கடைகளின் கண்ணாடிப் பெட்டியிலுள்ள ரோல்ஸுக்குத் தென்னிலங்கையில் 'சைனீஸ் ரோல்ஸ்' என்றே பெயர். ஆயினும் அதனுள்ளே பெரும்பாலும் உருளைக்கிழங்கும் இறைச்சியும் அல்லது மீனுமே. தென்மராட்சியின் பெயரோடு ஒட்டிய பலாவோ, பருவத்தில் சந்தையில் குவிந்து விலையிறங்குகின்றது. பிஞ்சுப் பலாவை அவித்துப் பிரட்டி, மாசித்தூள் தூவிப் பணிஸில் வைத்துக் கொடுக்க ஒரு கடைக்காரராவது முன்வரலாம். பலாப்பால் ஒட்டாதிருக்கக் கையில் தேங்காயெண்ணெய் பூச இங்கு எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.