கணினிவழி வரைபடங்களில் தமிழ் எழுத்து: வரைவாளர் பட்டறிவும் எழுத்திலக்கண அடிப்படையும்

ஆய்வுச்சுருக்கம்

கணினிவழி வரைவு மென்பொருளைப் பயன்படுத்துவோரின் பட்டறிவு பெரும்பாலும் வேகம், துல்லியம், செலவு ஆகியவற்றைக் கொண்டே மதிப்பிடப்படுகிறது. வரைபடத்தில் இடம்பெறும் எழுத்து அம்மதிப்பீட்டில் கருதப்படுவது அரிது. தமிழில் குறிப்பெழுத முனையும் வரைவாளர் எதிர்கொள்ளும் இடர்கள் எழுத்து வடிவம், எழுத்து வரிசை, குறியேற்றம், விசைப்பலகை ஆகிய நான்கு நிலைகளில் தோன்றுகின்றன. அவற்றுள் முதன்மையான இடரின் வேர் உயிர்மெய்யின் அமைப்பில் இருப்பதையும், எழுத்தைப் படமாக மாற்றித் தப்பிக்கும் வழி வரைபடத்தின் பயனைக் குறைப்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கணினிவழி வரைவு, ஆட்டோகேட், கோட்டெழுத்துரு, உயிர்மெய், ஒருங்குறி, குறியேற்றம்.

முன்னுரை

கணினித் திரையில் நேரடியாக வரையும் முறைக்கு வழிகாட்டியது, 1963ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஐவன் சதர்லேண்ட் தம் முனைவர் பட்ட ஆய்வாக அளித்த ஸ்கெட்ச்பேட் என்னும் நிரலாகும். ஒளிப்பேனாவால் திரையைத் தொட்டு வரைந்த அம்முறை பெருங்கணினிகளையே சார்ந்திருந்தது. 1982ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஆட்டோடெஸ்க் நிறுவனம் அவ்வாண்டின் இறுதியில் வெளியிட்ட ஆட்டோகேட், தனியாள் கணினிக்கு இத்தொழிலைக் கொண்டுவந்தது. இன்று தமிழகத் தொழிற்பயிற்சி நிலையங்களின் வரைவாளர் பிரிவு மாணவர் முதல் கட்டடக்கலைஞர் வரை பலரும் இவ்வகை மென்பொருளையே நாடுகின்றனர்.

இம்மென்பொருள்கள் உருவான சூழல் ஆங்கிலச் சூழலாகும். ஆகவே கோட்டையும் வட்டத்தையும் வரைவதில் தமிழ் வரைவாளர்க்கும் பிறமொழி வரைவாளர்க்கும் வேறுபாடு இல்லை. எழுதும்பொழுதே வேறுபாடு தொடங்குகிறது. இக்கட்டுரை களஆய்வு அன்று. மென்பொருளின் அமைப்பையும் தமிழ் எழுத்தின் அமைப்பையும் ஒப்புநோக்கி, பயனர் பட்டறிவின் காரணங்களைத் தெளிவுபடுத்துவதே இதன் நோக்கம்.

1. வரைபடத்தில் எழுத்தின் இடம்

வரைபடம் கோடுகளால் மட்டும் பேசுவதில்லை. இரண்டு இணைகோடுகள் சுவர் என்பதைக் காட்டலாம். அது செங்கல் சுவரா, இடிக்கப்பட வேண்டிய சுவரா என்பதை எழுத்தே காட்டும். அலுவலகத்தில் உருவாகும் வரைபடம் இறுதியில் கொத்தனார், கம்பி கட்டுபவர், தச்சர் ஆகியோர் கைக்குச் செல்கிறது. அவர்கள் படிக்க இயலாத குறிப்பை மேற்பார்வையாளர் வாய்மொழியாக எடுத்துரைக்க வேண்டியுள்ளது. அவர் இல்லாத வேளையில் குறிப்பு ஊமையாகிவிடுகிறது.

தமிழில் குறிப்பெழுதுவதற்குப் புதுச்சொற்களை ஆக்கிய பின்னரே வழி பிறக்கும் என்று கருத வேண்டியதில்லை. பணியிடத்தில் வழங்கும் ‘லிண்டல் மட்டம்’, ‘பீம்’, ‘சன்ஷேட்’ போன்றவற்றைத் தமிழ் எழுத்தில் எழுதினாலே குறிப்பு தன் பணியைச் செய்துவிடும். எனவே இங்குள்ள முதன்மைச் சிக்கல் கலைச்சொல் பற்றியதன்று, எழுத்து பற்றியது.

2. கோட்டெழுத்துருவும் தமிழ் வடிவங்களும்

தொடக்ககால வரைவு மென்பொருள், தாளில் பேனாவை நகர்த்தி வரையும் பிளாட்டர் கருவிக்கு ஏற்ப அமைந்தது. அச்செழுத்துருவில் ஒவ்வோர் எழுத்தும் புறவரையால் சூழப்பட்ட பரப்பாகும். பேனா அதனை வரைந்தால் எழுத்தின் இருபுற எல்லைகளையும் தனித்தனியே வரையும். அதனைத் தவிர்க்க, ஒவ்வோர் எழுத்தையும் ஒற்றைக் கோட்டின் போக்காக அமைத்த கோட்டெழுத்துருக்கள் உருவாயின. ஆட்டோகேட்டின் எஸ்.எச்.எக்ஸ் எழுத்துருக்கள் இவ்வகையின. இவற்றில் இல்லாத எழுத்தை உள்ளிடும்போது திரையில் கேள்விக்குறியே தோன்றும். தமிழில் முதன்முறையாகத் தட்டச்சிடும் வரைவாளர் பலர் காணும் முதற்காட்சி இக்கேள்விக்குறி வரிசையே.

தமிழுக்குக் கோட்டெழுத்துரு அமைப்பது இயலாத செயலன்று. ஆகார, எகர வரிசைகள் துணைக்கால், கொம்பு ஆகிய பொதுக்குறிகளால் அமைகின்றன. உகர, ஊகார வரிசைகளோ மெய்தோறும் வடிவம் மாறுவன; 18 மெய்களுக்கும் 36 வடிவங்களைத் தனித்தனியே வரைய வேண்டும். ‘டி’, ‘டீ’ போன்ற இணைவடிவங்களும் உள்ளன. இவற்றை வரைந்து முடித்தாலும், எந்த இடத்தில் எவ்வடிவத்தை எடுப்பது என்று நிரலுக்குத் தெரிய வேண்டும்.

எழுத்தின் உயரமும் கருதத்தக்கது. தொழில்நுட்ப வரைபடங்களுக்கான பன்னாட்டுத் தரம் 2.5, 3.5, 5 மில்லிமீட்டர் என்னும் படிநிலை உயரங்களை வகுத்துள்ளது. உரோமன் பேரெழுத்து இவ்வுயரத்தை முழுமையாக நிரப்பும். தமிழிலோ மேல்விலங்கும் கீழிறங்கும் உகரக் குறியும் இடம் கொள்வதால் எழுத்தின் நடுவுடல் சிறுத்துவிடுகிறது. சிறுத்த நிலையில் றன்னகரத்தின் இருசுழியும் டண்ணகரத்தின் முச்சுழியும் மயங்கும், புள்ளி மறையும்.

3. ஒலி வரிசையும் கண் வரிசையும்

உயிர்மெய்யில் மெய்யொலி முன்னும் உயிரொலி பின்னும் அமையும் என்பது தொல்காப்பிய நூன்மரபு உணர்த்தும் கருத்து. ஒருங்குறி இவ்வொலி வரிசையையே பின்பற்றுகிறது. ‘தெ’ என்பதைச் சேமிக்கும்போது முதலில் தகரமும் அடுத்து எகரக் குறியும் பதிவாகின்றன. ஆனால் எழுத்து வடிவில் கொம்பு மெய்க்கு முன் நிற்கிறது. ‘தொ’ போன்றவற்றில் உயிர்க்குறி மெய்யின் இருபுறமும் நிற்கிறது. ஒலி வரிசையைக் கண் வரிசையாக மாற்றும் பணியை, எழுத்தை ஒழுங்குபடுத்தும் தனி நிரற்பகுதி செய்ய வேண்டும். விண்டோஸ் 2000 முதல் இயக்கமுறைமையில் தமிழுக்கு இவ்வசதி உண்டு. ஆயினும் மென்பொருள் அதனை நாடாமல் எழுத்துகளைத் தானே வரிசையாக அடுக்கினால் பிழை தோன்றும்.

திசைப்பெயர்களைக் கொண்டு இதனை விளக்கலாம். ஒழுங்குபடுத்தும் வசதியற்ற நிரலில் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என எழுதினால், நான்கிலும் ஈற்றிலுள்ள குகரம் ககரமாகவும் உகரக் குறியாகவும் பிரிந்து நிற்கும். எனினும் வடக்கையும் கிழக்கையும் ஒருவாறு படித்துவிடலாம். தெற்கிலும் மேற்கிலும் கொம்பு முதலெழுத்தை விட்டு அடுத்துவரும் றகரத்தின் முன் போய் நிற்கும். படிப்பவர் அதனை றகரத்தோடு சேர்த்தே படிப்பார். மனையின் நான்கு எல்லைகளில் இரண்டு மட்டும் படிக்க முடியாமற்போகும் இந்நிலை, நிரலின் தற்செயற் கோளாறு போலத் தோன்றினும், எகர ஏகார ஐகாரக் குறிகள் வரும் இடந்தோறும் தவறாமல் நிகழ்வதாகும்.

4. குறியேற்றமும் கோப்பின் பயணமும்

பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் இச்சிக்கலுக்கு இடந்தருவதில்லை. அவற்றில் கொம்பு தனியெழுத்தாகவே முதலில் தட்டச்சிடப்படுகிறது. கண் வரிசையே சேமிப்பு வரிசையுமாகும். பழைய எழுத்துருவை வரைவாளர் எளிதில் கைவிடாமைக்குப் பழக்கம் மட்டும் காரணமன்று. எந்த மென்பொருளிலும் அது சரியாகத் தெரிகிறது என்பதும் காரணமாகும்.

அதன் குறைபாடு, கோப்பு வேறு கணினிக்குச் செல்லும்போது வெளிப்படுகிறது. ஆட்டோகேட்டின் வரைபடக் கோப்பு எழுத்துருவைத் தன்னுள் கொண்டிருப்பதில்லை. அதன் பெயரை மட்டுமே கொண்டிருக்கும். பெறுபவரிடம் பாமினி இல்லையெனில் மாற்று எழுத்துரு அமரும். அப்போது ‘தமிழ்’ என்னும் சொல் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தோன்றும். கோப்பில் உண்மையில் இருப்பது அதுவே. தமிழ் எழுத்துருவின் தோற்றத்தில் மட்டுமே இருந்தது.

வரைபடப் பரிமாற்றத்திற்குரிய டி.எக்ஸ்.எஃப் கோப்பின் உரை, ஆட்டோகேட் 2007 வடிவம் முதல் ஒருங்குறியின் யு.டி.எஃப்-8 முறையில் எழுதப்படுகிறது. அதற்கு முந்தைய வடிவங்கள் இயக்கமுறைமையின் எட்டுத்துணுக்குக் குறிப்பக்கத்தைச் சார்ந்தவை. விண்டோஸில் தமிழுக்கு அத்தகைய குறிப்பக்கம் இல்லை. எனவே பழைய வடிவில் சேமிக்குமாறு கேட்கும் அலுவலகங்களோடு பணியாற்றுவோர் இன்றும் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்.

தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டு ஒருங்குறியையும், அதற்கு வாய்ப்பில்லாத இடங்களில் ‘டேஸ் 16’ என்னும் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தையும் தரமாக ஏற்றது. பின்னதில் ஒவ்வோர் உயிர்மெய்யும் தனியிடம் பெறுவதால் ஒழுங்குபடுத்தும் நிரற்பகுதி தேவைப்படுவதில்லை. ஆயினும் அது ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் அமைந்தமையால், உரிய எழுத்துரு இல்லாத கணினியில் பாமினிக்கு நேர்ந்ததே அதற்கும் நேரும்.

5. கட்டளையும் விசைப்பலகையும்

தேர்ந்த வரைவாளர் வலக்கையால் சுட்டியை இயக்கி இடக்கையால் கட்டளைச் சுருக்கங்களைத் தட்டச்சிடுகிறார். கோட்டுக்கு ‘எல்’, வட்டத்திற்குச் ‘சி’ என ஓரெழுத்தே போதுமானது. குறிப்பெழுதத் தமிழ் 99 விசைப்பலகைக்கு மாறியவர் மீண்டும் மாற மறந்தால் ‘எல்’ விசை தகரத்தைத் தரும். கட்டளை வரி அதனை அறியாத கட்டளை என மறுக்கும். ஒருநாளில் பலமுறை நிகழும் இத்தடை சிறிதாயினும், தமிழில் எழுதுவதைத் தள்ளிப்போடச் செய்யும் ஆற்றல் உடையது. சுருக்கங்களை மாற்றியமைக்கும் கோப்பு பயனர் கைக்கு எட்டுவதாகவே ஆட்டோகேட்டில் அமைந்துள்ளது என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

6. மாற்றுவழிகளும் அவற்றால் நேரும் இழப்பும்

இடர்ப்படும் வரைவாளர் இரண்டு வழிகளில் தப்ப இயலும். ஒன்று, வேறொரு மென்பொருளில் தமிழைத் தட்டச்சிட்டுப் படமாக ஒட்டுதல்; மற்றொன்று, சரியாகத் தெரியும் கணினியில் எழுத்தைக் கோடுகளாக உடைத்துவிடுதல். இரண்டும் தோற்றத்தைக் காக்கின்றன. ஆனால் எழுத்து அங்கே எழுத்தாக இருப்பதில்லை. ‘கழிவுநீர்த் தொட்டி’ எங்குள்ளது எனத் தேடினால் கிடைக்காது. அறையின் பெயர் மாறினால் எல்லாத் தாள்களிலும் ஒருசேர மாற்ற இயலாது. பல ஆண்டுகளுக்குப் பின் கட்டடத்தைப் பழுதுபார்ப்பவர் அக்கோப்பைத் திறந்தால், ஆங்கிலக் குறிப்புகள் உரையாகவும் தமிழ்க் குறிப்புகள் கீறல்களாகவும் கிடைக்கும்.

7. பின்பற்றத்தக்க நெறிகள்

மேற்கண்ட விளக்கத்திலிருந்து சில நெறிகளை வகுக்கலாம். தமிழ்க் குறிப்புகளுக்கு ஒருங்குறி சார்ந்த ட்ரூடைப் எழுத்துருவைக் கொண்ட தனி எழுத்துப்பாணியை அமைத்துக்கொள்ளுதல் நன்று. பணி தொடங்குமுன் நான்கு திசைப்பெயர்களையும் எழுதி, திரையிலும் தாளிலும் பி.டி.எஃப் கோப்பிலும் சரிபார்த்தால் கொம்பின் நிலையும் உகரத்தின் நிலையும் ஒருங்கே தெளிவாகும். 2.5 மில்லிமீட்டர் உயரத்திற்கு மாற்றாக 3.5 மில்லிமீட்டரைக் கொள்ளலாம்; 1:100 அளவில் அச்சிடும் வரைபடத்தின் மாதிரிவெளியில் இது 350 மில்லிமீட்டராகும். எழுத்தை உடைத்தே ஆகவேண்டுமெனில், உடைக்காத மூலக்கோப்பைத் தனியே பேணுதல் இன்றியமையாதது.

முடிவுரை

கணினிவழி வரைவில் தமிழ் வரைவாளர் படும் இடர் அவர்தம் பயிற்சிக் குறையால் விளைவதன்று. ஒலி வரிசையில் சேமித்துக் கண் வரிசையில் காட்ட வேண்டிய எழுத்துமுறை, எழுத்தைக் கோட்டின் ஒரு வகையாகக் கருதும் மென்பொருளைச் சந்திக்கும் இடத்தில் அது தோன்றுகிறது. உயிர்மெய்யின் இயல்பை அறிந்த தமிழ்த்துறையினரும் நிரலாக்கம் அறிந்தோரும் இணைந்து, உகர ஊகார வடிவங்களை முழுமையாகக் கொண்ட கோட்டெழுத்துருவையும் அதற்குரிய ஒழுங்குபடுத்தும் விதிகளையும் வகுத்தல் செய்யத்தக்க பணியாகும். லிப்ரேகேட் போன்ற கட்டற்ற மென்பொருளின் எழுத்துருக் கோப்புகள் எவரும் திருத்தக்கூடிய வெற்று உரையாக அமைந்திருப்பதால், இப்பணியை அங்கிருந்து தொடங்குதல் எளிது.