கொடிக்காலுக்குப் போன நீராகாரம்... வயிற்றுக்கு வேலை செய்யும் நுண்ணுயிர்!

சோழவந்தான் என்றதும் நினைவுக்கு வருவது வெற்றிலை. 2023-ம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற வெற்றிலை அது. ஒரு தலைமுறைக்கு முன்பு கொடிக்கால் வேலைக்குப் போகிறவர்களோடு தூக்குவாளியில் நீராகாரமும், கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயமும் போகும். இன்று அந்த இடத்தை டீயும் பன்னும் பிடித்துக்கொண்டன. ஒதுங்க இடமில்லை என்று பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். விளைவு, மலச்சிக்கல். வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, பேதி மாத்திரையிலேயே காலம் தள்ளுகிறவர்கள் பலர்.

மண்ணுக்கு மட்டுமல்ல, குடலுக்கும்!

வயலுக்கு அசோஸ்பைரில்லம் இடுகிற விவசாயிக்கு இதை விளக்குவது எளிது. மண்ணைப் போலவே குடலிலும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. நாம் செரிக்க முடியாத நார்ச்சத்தை அவை புளிக்கவைத்து அமிலங்களாக மாற்றுகின்றன. அந்த அமிலங்கள் குடல் அசைவைத் தூண்டுகின்றன. நோய் எதிர்ப்பு அணுக்களில் பெரும்பகுதி குடலை ஒட்டியே இருப்பதால், அவற்றுக்கும் இந்த நுண்ணுயிர்களோடு தொடர்பு உண்டு.

ஆய்வுகள் சொல்வது என்ன?

லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 14 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2014-ல் அலசினார்கள். நன்மை செய்யும் பாக்டீரியா எடுத்துக்கொண்டவர்களுக்கு வாரத்துக்குச் சராசரியாக 1.3 முறை கூடுதலாக மலம் கழிந்தது. பிஃபிடோபாக்டீரியம் லாக்டிஸ் வகை பலன் தந்தது. எல்லா வகையும் தரவில்லை.

ஒடிசா கிராமங்களில் 4,556 பச்சிளங்குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2017-ல் வெளியானது. லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம் கலந்த மருந்து கொடுக்கப்பட்ட குழந்தைகளில், ரத்தத்தில் கிருமித்தொற்றும் இறப்பும் சேர்ந்து 9 சதவிகிதத்திலிருந்து 5.4 சதவிகிதமாகக் குறைந்தன. அது மருத்துவக் கண்காணிப்பில் தரப்பட்ட மருந்து. அதை நம்பிக் கைக்குழந்தைக்கு மோரோ நீராகாரமோ புகட்டக் கூடாது.

சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவக் கல்லூரியும், குடல் அழற்சி நோய்க்குப் பழைய சோறு உதவுமா என்ற ஆய்வைத் தொடங்கியது.

செய்முறை

சோறு ஆறியதும் மூழ்கும் அளவு சுத்தமான தண்ணீர் ஊற்றி, மண்பானையில் மூடி வைக்கவும். 8 முதல் 12 மணி நேரத்தில் லேசாகப் புளிக்கும். காலையில் மோர் கலந்து, உப்பைக் குறைத்துக் குடிக்கலாம். சோற்றைப் பாதிச் சூட்டில் நெடுநேரம் விட்டுவிட்டுப் பிறகு தண்ணீர் ஊற்றுவது தவறு; கெட்ட கிருமிகள் முந்திக்கொள்ளும். நூல் விட்டாலோ, கெட்ட வாடை வந்தாலோ கொட்டிவிடுங்கள். சூடுபடுத்தினால் பாக்டீரியா செத்துவிடும். சர்க்கரை நோயாளிகள் சோற்றின் அளவைக் குறைக்க வேண்டும்.

பாக்டீரியாவுக்குத் தீனியும் தேவை. அதற்குக் கீரை, கொய்யா, பயறு வகைகள் உதவும். வெற்றிலைக் கொடி படர நிற்கும் அகத்தியின் கீரையே கொடிக்காலில் கைக்கெட்டும் நார்ச்சத்து. இவற்றோடு தண்ணீரும் குறையக் கூடாது.

மருத்துவரிடம் எப்போது?

மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடை குறைவு, கடும் வயிற்றுவலி, வாந்தி, 50 வயதுக்கு மேல் திடீரென மாறிய மலப்பழக்கம் இருந்தால் தாமதிக்கக் கூடாது. புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்த பாக்டீரியா மாத்திரைகளை எடுக்கக் கூடாது.

வாசகர் கேள்வி: கடையில் விற்கும் பாக்டீரியா பானம் வாங்கலாமா?

பதில்: பாக்டீரியாவின் முழுப்பெயர், எண்ணிக்கை, காலாவதி நாள் மூன்றும் அட்டையில் இருக்கிறதா பாருங்கள். குளிரில் வைக்கச் சொல்லியிருந்தால், கடையிலும் அப்படித்தான் வைத்திருக்கிறார்களா என்று கவனியுங்கள். சர்க்கரை அளவையும் படியுங்கள். நீராகாரத்தில் எந்த வகை, எத்தனை என்று அளந்து சொல்ல முடியாது. அதனால் அது மருந்தாகாது. ஆனால், லேசான மலச்சிக்கலுக்குத் தண்ணீரையும் நார்ச்சத்தையும் கூட்டி, இதையும் உணவாகச் சேர்த்துச் சில வாரங்கள் பார்ப்பதற்குச் செலவு ஏதுமில்லை.