ஒழுகுகிறதா? ஸ்பானரைக் கீழே வையுங்கள்!
பழைய புல்லட்டுக்குக் கார்க் பேக்கிங் போடும் முறை

பழைய புல்லட் வைத்திருப்பவர்களுக்குத் தீராத தலைவலி ஒன்று உண்டு. அதுதான் எண்ணை ஒழுக்கு.

காலையில் வண்டியை நகர்த்தினால் தரையில் கருப்பாக ஒரு வட்டம். உடனே ஸ்பானரை எடுத்து நட்டை இன்னும் ஒரு சுற்று முறுக்குகிறோம். இரண்டு நாள் நிற்கிறது. பிறகு முன்னைவிட அதிகமாக ஒழுகுகிறது.

பல வண்டிகளில் குற்றம் பேக்கிங்கில் இல்லை. அந்தக் கடைசிச் சுற்றில்தான் இருக்கிறது!

மரப்பட்டை

கார்க் என்பது ஒரு வகை ஓக் மரத்தின் பட்டை. உலகிலேயே அதிகமாகக் கிடைப்பது போர்ச்சுகல் நாட்டில். மரத்தை வெட்டுவதில்லை. 9 ஆண்டுக்கு ஒரு முறை பட்டையை மட்டும் உரிக்கிறார்கள்.

ராபர்ட் ஹூக் என்ற ஆங்கில விஞ்ஞானி இதை மெல்லியதாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். தேன்கூடு போலச் சிற்றறைகள் தெரிந்தன. 1665-ல் வெளிவந்த தம் நூலில் அவற்றை 'செல்' என்று குறிப்பிட்டார்.

அந்த அறைகளில் இருப்பது காற்று. ரப்பரை அமுக்கினால் பக்கவாட்டில் பிதுங்கும். கார்க் பிதுங்காது. அமுங்கும், விட்டால் நிமிரும். நிமிரப் பார்க்கும் அந்தச் சக்திதான் மூடியின் சந்தை அடைக்கிறது. அளவுக்கு மீறி நசுக்கினால் அறைகள் உடைந்து, அந்தச் சக்தி போய்விடுகிறது.

ஒரே ஒரு நட்

சென்னை என்பீல்டு இந்தியா கம்பெனி 1955-ல் தொடங்கியது. திருவொற்றியூரில் தயாரான பழைய இரும்பு சிலிண்டர் புல்லட்டில், வலது பக்கம் டேப்பெட் மூடி இருக்கிறது. அதன் அடியில் கார்க் பேக்கிங். பிடித்திருப்பது ஒரே ஒரு நட். எல்லோரும் பலம் காட்டுவது அதன் மேல்தான்! மூடி வளைந்தால் புது பேக்கிங்கும் நிற்காது. மரை போனால் செலவு பல மடங்கு.

பீனியாவில் இரவு ஷிப்ட் முடித்து வீடு திரும்பும் தொழிலாளிக்கு இது சின்ன விஷயம் அல்ல. எண்ணை பின் டயரில் பட்டால் வண்டி வழுக்கும். எண்ணை குறைந்தால் என்ஜின் பிடித்துக்கொள்ளும்.

செய்ய வேண்டியது

முதலில் பிரீதர் குழாயைப் பாருங்கள். அது அடைத்திருந்தால் என்ஜினுக்குள் அழுத்தம் ஏறி, எந்த பேக்கிங்கையும் தாண்டி எண்ணை வெளியே வரும்.

பழைய பேக்கிங்கை ஸ்குரு டிரைவரால் சுரண்டாதீர்கள். அலுமினியத்தில் கீறல் விழுந்தால் அதுவே எண்ணைக்கு வழி. தின்னர் தடவி ஊறவிட்டு, மூங்கில் சிம்பால் எடுக்கலாம்.

மூடியைக் கண்ணாடிப் பலகை மேல் கவிழ்த்து வையுங்கள். ஆடினால் வளைந்திருக்கிறது என்று பொருள். தகர மூடி என்றால் மரக்கட்டை மேல் வைத்து மெதுவாகத் தட்டி நிமிர்த்தலாம்.

ஜே.சி. ரோட்டுக் கடையில் பல நாள் தொங்கிய பேக்கிங் காய்ந்து சுருங்கியிருக்கும். சிறியது என்று தூக்கி எறிய வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் சற்று ஊறவைத்தால் அளவுக்கு வந்துவிடும். துடைத்துவிட்டுப் போடுங்கள்.

மூடிப் பக்கம் மட்டும் பசை தடவுங்கள். என்ஜின் பக்கம் லேசாகக் கிரீஸ் போதும். அடுத்த முறை கிழியாமல் வரும்.

பல போல்ட் உள்ள மூடியானால் எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். கார்க் சற்று அமுங்கியதும் நிறுத்துங்கள். வண்டி ஓடிச் சூடாகி ஆறியபின் ஒரு முறை சரிபார்த்தால் போதும்.

பெட்ரோல் ஜாக்கிரதை

அந்தக் காலத்துப் பல வண்டிகளின் பெட்ரோல் குழாயிலும் கார்க் உண்டு. டாங்கி காலியாக வெகுநாள் கிடந்தால் அது காய்ந்து ஒழுகும். சூடான என்ஜின் மேல் பெட்ரோல் சொட்டினால் தீப்பிடிக்கும் ஆபத்து!

பழைய மெக்கானிக்குகள் அங்கே அரக்குப் பூசுவார்கள். இன்று அது ஆகாது. இப்போது விற்கும் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் வரை கலந்திருக்கிறது. எத்தனால் ஒரு சாராயம். சாராயத்தில் அரக்கு கரைந்துவிடும். பெட்ரோல் படும் இடத்தில் அதைத் தாங்கும் ரப்பர் வளையம் போடுவதே நல்லது.

உபரி பேக்கிங்கை ஆணியில் மாட்டாமல், பிளாஸ்டிக் பையில் போட்டுத் தட்டையாக வையுங்கள். வேண்டும்போது அளவு மாறாமல் கிடைக்கும்.