ஒரே சாய்ப்பில் விதையும் விஷமும்



நாஞ்சில் நாட்டிலே முன்னெல்லாம் நெல்லுக்குப் பத்தாயம், வைக்கோலுக்குப் படப்பு, கலப்பைக்குத் தொழுவத்து ஓரம் என்று அததற்கு ஒரு இடம் இருந்தது. இப்போது பல வீடுகளில் பத்தாயம் போய்விட்டது. வீட்டை ஒட்டி இறக்கிய தகரச் சாய்ப்புதான் எல்லாவற்றுக்கும். மோட்டார் சைக்கிள் அங்கே. யூரியா மூட்டை அங்கே. விதை நெல்லும் பூச்சிமருந்தும் அங்கேயேதான். தேடின சாமான் கைக்குக் கிடைக்காது என்பது சின்னக் குறை. பெரிய ஆபத்து வேறே இருக்கு.

2013 ஜூலையில் பீகார் மாநிலம் சாரண் மாவட்டத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்துபோனார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து கலந்திருந்தது சோதனையில் தெரிந்தது. மருந்து இருந்த பழைய பாத்திரத்தில் எண்ணெயை வைத்ததுதான் வினையாக முடிந்தது என்றார்கள்.

எங்கேயோ வடக்கே நடந்ததுதானே என்று இருந்துவிடக் கூடாது. நம்ம மாவட்டத்தில் ரப்பர் பாலை உறைய வைக்க ஃபார்மிக் ஆசிட் வாங்குகிறோம். பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும். அதைக் கலர் பாட்டிலில் ஊற்றி வைத்தால், தாகத்தோடு வருகிற பிள்ளைக்கு என்ன தெரியும்? வாயும் தொண்டையும் குடலும் வெந்துபோகும், உயிருக்கே ஆபத்து.

ஆகவே, மாசியில் கும்பப்பூ அறுவடை முடிந்து கன்னிப்பூவுக்கு இறங்குமுன், வெயிலான ஒரு நாளைச் சாய்ப்புக்கென்று ஒதுக்குங்கள். எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போடுங்கள். தரையையும் மூலைகளையும் கூட்டி, எலி வளைகளை அடையுங்கள். கையை நேரே விடாமல் கம்பால் தட்டிப் பார்த்து எடுங்கள். அடைசல் இருந்தால் எலி வரும், எலி வந்தால் பின்னாலேயே பாம்பு வரும். பிறகு சாமான்களை மூன்றாகப் பிரியுங்கள்.

முதலாவது, விதையும் உரமும். விதை நெல்லின் ஈரம் 13 சதவிகிதத்துக்கு மேலே போகக் கூடாது. ஈரம் ஒரு சதவிகிதம் குறைந்தால் விதையின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது விதை வல்லுநர்கள் கணக்கு. நமக்கோ ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை. தரை ஈரம் மூட்டையில் ஏறிவிடும். அதனால் தரையிலிருந்து அரை அடி உயரத்தில் பலகை போட்டு, சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி அடுக்குங்கள். உர மூட்டைகளுக்கும் பலகை வேண்டும். ஆனால் விதைக்குப் பக்கத்தில் வேண்டாம். பிரித்த யூரியா மூட்டையை இறுகக் கட்டாவிட்டால் நீர் கோத்துக் கட்டியாகிவிடும்.

இரண்டாவது, இரும்பு. மண்வெட்டி, வெட்டுக்கத்தி, கடப்பாரை எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, எண்ணெய் தடவி, சுவரில் ஆணியடித்து மாட்டுங்கள். ஆசிட் கேன் பக்கத்தில் வேண்டாம். அந்த ஆவி பட்டால் இரும்பு துருப்பிடித்துப் போகும். டீசலும் பெட்ரோலும் வைக்கோலுக்கும் மோட்டார் சுவிட்சுக்கும் தூரத்தில் இருக்கட்டும்.

மூன்றாவது, விஷம். இதற்குப் பூட்டுப் போட்ட தனிப் பெட்டி வேண்டும். வெள்ளம் ஏறாத உயரத்தில், ஆனால் விதைக்கோ தீவனத்துக்கோ நேர் மேலே இல்லாமல் வையுங்கள்; ஒழுகினால் கீழேதானே விழும். தூள் மருந்து மேல் தட்டில், திரவ மருந்து கீழ் தட்டில். களைக்கொல்லிக்குத் தனித் தட்டு. ஆசிட் கேனை மூடி இறுக்கி, தனியே இன்னொரு பூட்டுக்குள் வையுங்கள். மருந்துப் புட்டியின் முக்கோணத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் மிகக் கொடியது. அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. பச்சைதானே என்று அசட்டையாக இருக்காதீர்கள், அதுவும் மருந்துதான். எதையும் வந்த புட்டியிலேயே வையுங்கள்; வேறே பாட்டிலுக்கு மாற்றவே வேண்டாம்.

காலிப் புட்டியை மூன்று தடவை அலசி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பானிலேயே ஊற்றுங்கள். பிறகு புட்டியில் ஓட்டை போட்டுவிடுங்கள். நல்ல கேனாச்சே என்று அடுக்களைக்குள் கொண்டுபோக வேண்டாம். வாய்க்காலிலோ குளத்திலோ எறியவும் கூடாது. காலாவதியான மருந்து இருந்தால் வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் யாராவது தவறிக் குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஆசிட்டும் மண்ணெண்ணெயும் திரும்பி வரும்போது இன்னும் கெடுதல் செய்யும். 108-ஐ அழையுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ பக்கத்து ஆஸ்பத்திரியோ, எதற்குப் போனாலும் அந்தப் புட்டியையும் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஒரு பெட்டி, ஒரு பூட்டு, நாலு பலகை, பத்து ஆணி. செலவு அவ்வளவுதான். சாவி மட்டும் பெரியவர்கள் கையில் இருக்கட்டும்.