எரிமலைப் புகையை எடைபோடுவது எப்படி?

பிலிப்பைன்ஸின் பினடூபோ எரிமலை 1991 மே 13 அன்று, நாளொன்றுக்குச் சுமார் 500 டன் என்ற கணக்கில் கந்தக டை ஆக்சைடைக் கக்கிக்கொண்டிருந்தது. மே 28-இல் அது 5,000 டன்னைத் தாண்டியது. அடுத்த சில நாட்களிலேயே பலமடங்கு சரிந்தது. மலை அடங்கிவிட்டதா? இல்லை, மேலேறி வரும் பாறைக்குழம்பு வாயு வெளியேறும் வழியை அடைத்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சந்தேகித்தார்கள். நில அதிர்வுகளும் நிற்கவில்லை. சுற்றுவட்டார மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஜூன் 15-இல் மலை பெரிதாக வெடித்தது.

அன்று வாயுவை அளந்த காஸ்பெக் கருவி ஆலைப் புகைபோக்கிகளுக்காக உருவானது. கந்தக டை ஆக்சைடு புற ஊதாக் கதிரை உறிஞ்சும். எனவே புகைத்திரளுக்கு அடியில் வண்டியிலோ விமானத்திலோ குறுக்கே கடந்து, மேலிருந்து வரும் ஒளி எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால் வாயுவின் அளவு கிடைத்துவிடும். இன்று அதே வேலையை உள்ளங்கையில் அடங்கும் நிறமாலைமானி செய்கிறது.

கருவி சுருங்கியதே தவிர, தலைவலி அப்படியே இருக்கிறது. அளந்த வாயுவைக் காற்றின் வேகத்தால் பெருக்கினால்தான் ஒரு நாளைக்கு எத்தனை டன் என்பது வரும். வேகத்தை இருமடங்காகக் கணித்தால் விடையும் இருமடங்கு. அதனால், அளவு தெரிந்த வாயு அடைத்த சிமிழைக் கருவியின் முன் வைத்துச் சரிபார்ப்பதோடு சோதனை முடிவதில்லை. பல கருவிகளை ஒரே புகையின் கீழ் நிறுத்தி ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

2017-இல் ஏவப்பட்ட சென்டினல்-5பி செயற்கைக்கோள் நாள்தோறும் உலகம் முழுவதையும் பார்க்கிறது. இனி யாரும் மலையேற வேண்டாம் என்று தோன்றும். ஆனால் மேகம் மறைக்கும். தாழ்வாகக் கசியும் மெல்லிய புகை தப்பிவிடும். கரியமில வாயு இன்னும் சிக்கல். காற்றில் ஏற்கெனவே பத்து லட்சத்தில் 400 பங்குக்கு மேல் அது இருப்பதால், எரிமலை சேர்ப்பது அதற்குள் கரைந்துபோகிறது. குழம்பு ஆழத்தில் இருக்கும்போதே முதலில் பிரிந்து வருவதோ இந்த வாயுதான்!

இதைப் பிடிக்க, உணரிகளைப் புகைக்குள்ளேயே கொண்டுபோயாக வேண்டும். கொலம்பியாவின் கலேராஸ் 1993 ஜனவரியில் திடீரென வெடித்தபோது, ஆய்வுக்குப் போயிருந்த 6 விஞ்ஞானிகள் இறந்தார்கள். 2019-இல் பப்புவா நியூ கினியின் மானம் தீவில் ஆளுக்குப் பதில் ட்ரோன்கள் புகைக்குள் பறந்தன. அவை கொண்டுவந்தது இரு வாயுக்களின் விகிதம். அதைத் தொலைவிலிருந்து அளந்த கந்தக டை ஆக்சைடின் அளவோடு பெருக்கி, மானம் வெளியிடும் கரியமில வாயுவைக் கணக்கிட்டார்கள்.